வரி இறங்குகிறது, கூலி ஏறுகிறதா?

வரியைக் குறையுங்கள், சந்தையைச் சுதந்திரமாக விடுங்கள், வியாபாரம் பெருகும், வியாபாரம் பெருகினால் நாடு சுபிட்சமடையும், நாடு சுபிட்சமடைந்தால் ஏழை வீட்டிலும் விளக்கெரியும். 1991ஆம் ஆண்டிலிருந்து இந்தப் பாடத்தை நமக்கு ஓயாமல் ஓதி வருகிறார்கள். டில்லியில் எந்தக் கட்சி ஆட்சியில் அமர்ந்தாலும் பாடம் மாறவில்லை. பாடம் சொல்லும் வாத்தியார்தான் மாறுகிறார்.

இந்தப் பாடம் சரியா தப்பா என்று பார்க்க நாம் பெரிய புத்தகங்களைப் புரட்ட வேண்டியதில்லை. நாகல் நகரில் தலைமுறை தலைமுறையாகத் தறி போட்ட சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்களைக் கேட்கலாம். வேடசந்தூர் பக்கத்துப் பஞ்சாலைகளில் இரவு ஷிப்டு பார்க்கும் பெண்களைக் கேட்கலாம். காட்டில் சின்ன வெங்காயம் பறித்துக் கூலி வாங்கும் ஜனங்களைக் கேட்கலாம். மூவருக்கும் உலகச் சந்தையோடு சம்பந்தம் உண்டு. டில்லியில் ஒரு வரி உத்தரவில் கையெழுத்து விழுந்தால், அதன் அதிர்ச்சி இம்மூவர் வீட்டு அடுப்பங்கரை வரை வருகிறது. ஆகவே, வரி ஏறியபோது இவர்களுக்கு என்ன நடந்தது, இறங்கியபோது என்ன நடந்தது என்று கணக்குப் பார்ப்போம்.

பஞ்சின் கதை

நம் ஜில்லாவின் பஞ்சாலைகள் தமிழ்நாட்டில் விளையும் பஞ்சை மட்டும் நம்பி ஓடுவதில்லை. குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் பேல் பேலாகப் பஞ்சு வருகிறது. நீண்ட இழைப் பஞ்சு கடல் கடந்தும் வருகிறது. வெளிநாட்டுப் பஞ்சுக்கு 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் மத்திய சர்க்கார் வரி போட்டது. மேல்வரிகளையும் சேர்த்து மொத்தம் 11 சதவீதம். பருத்தி விவசாயியைக் காப்பாற்றத்தான் இந்த வரி என்றார்கள். ஆலை முதலாளிகள் உடனே கூக்குரலிட்டார்கள். பஞ்சு விலை ஏறினால் நூல் விலை ஏறும், நூல் விலை ஏறினால் ஆர்டர் போய்விடும், ஆலை நின்றுவிடும் என்றார்கள்.

2021 தொடக்கத்தில் ஒரு கண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, ரூ.50,000க்கும் கீழே இருந்தது. 2022 மே மாதத்தில் அதே கண்டி ஏறத்தாழ ரூ.1,00,000 ஆகிவிட்டது. கிலோவுக்குச் சுமார் 140 ரூபாயிலிருந்து 280 ரூபாய்! இதற்கு 11 சதவீத வரிதான் காரணமா? அப்படியானால் வரியை நீக்கியதும் விலை இறங்கியிருக்க வேண்டுமே! 2022 ஏப்ரல் 14ஆம் தேதியிலிருந்து வரியை நீக்கினார்கள். விலை இறங்கவில்லை, மே மாதத்தில் இன்னும் ஏறியது. நூல் விலை தாங்காமல் திருப்பூரில் உற்பத்தியாளர்களே கடையடைத்துப் போராடினார்கள். நெசவாளர் தறியை நிறுத்தினார்கள்.

விலையைத் தீர்மானித்தது 11 சதவீதம் மட்டுமல்ல. நியூயார்க் நகரத்து முன்பேரச் சந்தையில் நடக்கும் சூதாட்டமும் இங்கே கிடங்கில் நடக்கும் பதுக்கலும் சேர்ந்துதான் தீர்மானித்தன. பருத்தியை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்காதவன் காகிதத்தில் வாங்கிக் காகிதத்தில் விற்கிறான். இங்கே தறி நிற்கிறது. இதற்குப் பெயர்தான் சுதந்திரச் சந்தையாம்!

அந்த விலையேற்றத்தால் பருத்தி விவசாயி பணக்காரனாகிவிட்டானா? விலை உச்சிக்குப் போன மே மாதத்தில் சிறு விவசாயியின் வீட்டில் பருத்தி ஏது? அறுவடை முடிந்த கையோடு கடனுக்கும் வட்டிக்கும் விற்றுத் தீர்த்தவன் அவன். ஏறிய விலை கிடங்கு வைத்திருந்தவனுக்கே போய்ச் சேர்ந்தது.

இன்னொரு கணக்கும் போடுவோம். கண்டி ரூ.60,000 என்று வைத்துக்கொண்டால் 11 சதவீத வரி ரூ.6,600. கிலோவுக்குப் பதினெட்டரை ரூபாய். வரி நீங்கினால் இறக்குமதிப் பஞ்சு வாங்கும் ஆலைக்குக் கண்டிக்கு ரூ.6,600 மிச்சம். அந்த மிச்சத்தில் கோன் வைண்டிங் பெண்ணின் கூலிக்கு எத்தனை ரூபாய் போக வேண்டும் என்று எந்த உத்தரவிலாவது எழுதியிருக்கிறதா? நூல் விலையை எவ்வளவு குறைக்க வேண்டும் என்றாவது எழுதியிருக்கிறதா? ஒரு வரிகூட இல்லை. சர்க்கார் கஜானாவிலிருந்து போகும் பணத்துக்கு ரசீது கேட்காத தர்மம் இது ஒன்றுதான். ஏழைக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உதவி என்றால் ஆதார் கேட்கிறார்கள், ரேஷன் அட்டை கேட்கிறார்கள், வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். முதலாளிக்கு என்றால் ஒரு கேள்வியும் இல்லை!

அமெரிக்கா சொல்லும் உபதேசம்

2025 ஆகஸ்டில் மறுபடியும் அதே நாடகம். இந்தியச் சரக்குகளின் மீது அமெரிக்கா முதலில் 25 சதவீதம், ஆகஸ்ட் 27 முதல் மொத்தம் 50 சதவீதம் என்று வரியைச் சுமத்தியது. உலகத்துக்கெல்லாம் சுதந்திர வியாபாரத்தை உபதேசித்த தேசம், தன் வாசலில் சுவர் எழுப்பிக்கொண்டது. நம் சர்க்கார் என்ன செய்தது? பஞ்சு இறக்குமதி வரியை ஆகஸ்ட் 19 முதல் நீக்கியது. முதலில் செப்டம்பர் 30 வரை என்றது. பிறகு டிசம்பர் 31 வரை நீட்டியது. அவன் நம் துணிக்கு வரி போட, நாம் அவன் பஞ்சுக்கு வரியை எடுத்தோம்! புதுப் பருத்தி சந்தைக்கு வரும் மாதங்களும் அவையேதான்.

அமெரிக்கப் பஞ்சு எப்படி மலிவாக வருகிறது? அந்த நாட்டுப் பருத்திப் பண்ணையார்களுக்கு அவர்களுடைய சர்க்கார் மானியத்தைக் கொட்டிக் கொடுக்கிறது. இந்த மானியம் அநியாயம் என்று பிரேசில் 2002இல் உலக வர்த்தக நிறுவனத்தில் வழக்குப் போட்டு வென்றது. 2014இல் அமெரிக்கா 30 கோடி டாலர் கொடுத்து அந்த வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அதாவது, தப்பு செய்தேன் என்று தண்டம் கட்டிய கணக்கு! அந்தப் பஞ்சோடுதான் விதர்ப்பாவின் மானாவாரி விவசாயி "சுதந்திரமாக" போட்டி போட வேண்டுமாம். யானைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் ஒரே களத்தில் மல்யுத்தம் வைத்துவிட்டு, இருவருக்கும் சம உரிமை என்று சொல்வது போன்றது இது.

அதே ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி இன்னொன்றும் நடந்தது. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்தது. முன்பு 100 பேர் வேலை செய்யும் ஆலையில் ஆட்குறைப்பு செய்யச் சர்க்காரின் அனுமதி வேண்டும். இப்போது அந்த எண்ணிக்கையை 300 ஆக உயர்த்திவிட்டார்கள். ஏற்றுமதி முடங்கி வேலை ஆட்டங்காணும் வேளையில், வேலையைவிட்டு அனுப்புவதைச் சுலபமாக்கினார்கள். சந்தையின் சுதந்திரம் என்பது யாருக்குச் சுதந்திரம் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

வரி யார் கையில் இருக்கிறது?

இதனால் வரி என்றாலே கெட்டது, அல்லது வரி போட்டாலே நல்லது என்று நாம் சொல்லவில்லை. வரி ஒரு கத்தி. வைத்தியன் கையிலும் இருக்கலாம், வழிப்பறிக்காரன் கையிலும் இருக்கலாம். கை யாருடையது என்பதே கேள்வி.

வெள்ளைக்காரன் ஆண்டபோது, 1896இல், மான்செஸ்டர் துணிக்கு 3.5 சதவீத இறக்குமதி வரி இருந்தது. அது இந்திய ஆலைகளுக்குச் சலுகையாகிவிடும் என்று லங்காஷயர் முதலாளிகள் கூச்சல் போட்டார்கள். உடனே இந்திய ஆலைத் துணிக்கும் அதே 3.5 சதவீதத்தை உற்பத்தி வரியாகப் போட்டார்கள். "சம நீதி" என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். அது மான்செஸ்டர் கையிலிருந்த கத்தி.

சுதந்திரம் வந்த பிறகு, 1953இல், ஆலைத் துணிக்குக் கெஜத்துக்கு மூன்று தம்பிடி கூடுதல் வரி போட்டு, அந்தப் பணத்தைக் கதர், கைத்தறி அபிவிருத்திக்கு ஒதுக்கச் சட்டம் செய்தார்கள். தமிழ்நாட்டுக் கைத்தறி நெசவாளர் பட்டினியால் தவித்து, தெருவில் இறங்கிக் கேட்ட பிறகு வந்த சட்டம் அது. மூன்று தம்பிடி சொற்பம்தான். ஆனால் ஆலையிடமிருந்து எடுத்துத் தறிக்குக் கொடுத்த வரி என்பதை மறக்கக் கூடாது.

இன்று தறியின் கதி என்ன? 2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தது. பருத்தி நூலுக்கு 5 சதவீதம். கைத்தறிச் சேலைக்கும் 5 சதவீதம். அன்று தறியிடமிருந்து எடுத்து எங்கே கொடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்! ஆலைகள் தங்கள் நூலில் ஒரு பங்கைச் சிட்டா நூலாகக் கைத்தறிக்குத் தர வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அந்தப் பங்கையும் 2003இல் 50 சதவீதத்திலிருந்து 40 ஆக்கினார்கள். 2019இல் 30 ஆக்கினார்கள். துணிக்கு வரியை 12 சதவீதமாக ஏற்றுவதென்றும் முடிவு செய்து, 2022 ஜனவரி 1 முதல் அமல் என்று நாளும் குறித்தார்கள். நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. அமலாவதற்கு முதல் நாள், 2021 டிசம்பர் 31 அன்று, கவுன்சில் கூடி அதை நிறுத்தி வைத்தது. உயர்ந்த பொருளாதார ஞானம் எல்லாம் ஒரே இரவில் மாறிவிட்டதா? இல்லை. ஜனங்கள் சத்தம் போட்டார்கள், அவ்வளவுதான்.

வெங்காயக் காட்டில்

இனி காட்டுப் பக்கம் வருவோம். 2023 ஆகஸ்டில் வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி. டிசம்பர் 8 முதல் ஏற்றுமதிக்கே தடை. 2024 மே மாதம் தடை நீங்கியது, ஆனால் 40 சதவீத வரி போட்டார்கள். செப்டம்பரில் அது 20 ஆனது. 2025 ஏப்ரல் 1இல்தான் முற்றிலும் நீங்கியது. பஞ்சாலை முதலாளிக்குச் சந்தை சுதந்திரமாக இருக்க வேண்டும். வெங்காய விவசாயிக்கு மட்டும் வேண்டாம்! இலங்கைக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகும் நம் சின்ன வெங்காயத்துக்குத் தனி விலக்கு வேண்டுமென்று தமிழ்நாட்டு விவசாயிகள் கேட்டார்கள்.

வெங்காய விலை ஏறினால் வாங்குகிறவன் தவிக்கிறான் என்பது உண்மை. வாங்குகிறவன் யார்? வெங்காயம் பறிக்கும் கூலிக்காரனும் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்குகிறான். விலை ஏறினால் அவன் கறிக்குழம்பில் வெங்காயம் இல்லை. விலை விழுந்தால் பட்டறையில் வெங்காயம் அழுகுகிறது, அவனுக்கு நாளைக்கு வேலை இல்லை. இருபக்கமும் அடி வாங்கும் மத்தளம் அவன். இதற்கு வழி துறைமுகத்தில் கதவைச் சாத்துவதல்ல. விலை விழும்போது சர்க்கார் வாங்கி வைத்து, ஏறும்போது ரேஷன் கடையில் விற்க வேண்டும். மகாராஷ்டிராவில் பெரிய வெங்காயத்தை மத்திய சர்க்கார் நிறுவனங்கள் 2023இல் இப்படி வாங்கி இருப்பு வைத்தன. அங்கே முடிந்தது திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் ஏன் முடியாது?

மேலே இறக்கம், கீழே ஏற்றம்

இப்போது பெரிய கணக்குக்கு வருவோம். 2019 செப்டம்பர் 20ஆம் தேதி கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகவும், புதிய உற்பத்திக் கம்பெனிகளுக்கு 15 ஆகவும் குறைத்தார்கள். இதனால் கஜானாவுக்கு ஆண்டுக்கு ரூ.1.45 லட்சம் கோடி வருமானம் குறையும் என்று நிதி மந்திரியே சொன்னார். மூலதனம் பெருகும், வேலை பெருகும் என்றும் சொன்னார். என்ன ஆயிற்று? நாம் சொல்ல வேண்டாம். 2025 ஜனவரியில் மத்திய சர்க்கார் வெளியிட்ட பொருளாதார ஆய்வறிக்கையே சொல்கிறது. 2023-24இல் பெரிய கம்பெனிகளின் லாபம் 22.3 சதவீதம் உயர்ந்தது. அவை கொடுத்த வேலை 1.5 சதவீதமே உயர்ந்தது! தனி நபர்கள் கட்டிய வருமான வரி, கம்பெனிகள் கட்டிய வரியை மிஞ்சிவிட்டது.

அந்தப் பள்ளத்தை யார் நிரப்புவது? 2022 ஜூலை 18 முதல் 25 கிலோவுக்கு உட்பட்ட பாக்கெட் அரிசிக்கும் 5 சதவீத ஜிஎஸ்டி போட்டார்களே, அதற்கு வரி கட்டியவர் யார்? ஆலை முதலாளியும் ஒரு கிலோ அரிசிக்கு அதே வரிதான் கட்டுகிறார், களையெடுக்கும் பெண்ணும் அதே வரிதான் கட்டுகிறாள். ஆனால் அவள் கூலியில் பாதி அரிசிக்கும் பருப்புக்குமே போய்விடும். அவருக்கு அது கைச்செலவில்கூடச் சேராது.

1957இல் டி.டி.கிருஷ்ணமாச்சாரி நிதி மந்திரியாக இருந்தபோது, கால்டார் என்ற ஆங்கிலப் பொருளாதார நிபுணரின் யோசனைப்படி செல்வ வரி வந்தது. கிருஷ்ணமாச்சாரி கம்யூனிஸ்டு அல்லர், பெரிய வியாபாரி. அவருக்கே நியாயமாகப் பட்ட வரியை 2015 பட்ஜெட்டில் ஒழித்துவிட்டார்கள். பரம்பரைச் சொத்துக்கான எஸ்டேட் வரி 1985இலேயே போய்விட்டது. மாளிகைக்கு வரி இல்லை. மளிகைக்கு வரி உண்டு!

ஆலை நின்றுவிட்டால்?

முதலாளிமாரின் வாதத்தையும் தட்டிக் கழிக்க வேண்டாம். பஞ்சு கிடைக்காவிட்டால் ஆலை ஓடாது. ஆர்டர் போய்விட்டால் தொழிலாளிக்குத்தான் முதலில் வேலை போகும் என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆலை ஓட வேண்டும் என்பதில் நமக்கு அவர்களைவிட அக்கறை அதிகம். ஆலை நின்றால் அவர்களுக்கு லாபம் போகும். நமக்குச் சோறு போகும். ஆகவே ஆலைக்குச் சலுகையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. நிபந்தனையில்லாத சலுகை கூடாது என்கிறோம்.

சில மில் தோழர்கள், "பருத்தி விவசாயி குஜராத்தில் இருக்கிறான், அவனுக்காக நாம் ஏன் பேச வேண்டும்?" என்று கேட்கலாம். குஜராத்துப் பருத்திக்காட்டில் நடப்பதுதான் நம் வெங்காயக் காட்டிலும் நடக்கிறது. மழை பொய்த்துக் காடு காய்ந்த வீட்டிலிருந்துதான் பெண் பிள்ளை மில் வண்டி ஏறுகிறாள். அப்பன் வயல் கூலி, மகள் மில் கூலி. வயலில் கூலி விழுந்தால் மில் வாசலில் ஆள் குவிகிறது. ஆள் குவிந்தால் மில் கூலியும் விழுகிறது. விவசாயியின் விலையை அடித்துத் தொழிலாளியின் கூலியை உயர்த்தியதாக எந்த நாட்டிலும் சரித்திரம் இல்லை.

நிபந்தனை போட முடியுமா? முடியும். பம்பாயைப் பாருங்கள். 1925இல் பஞ்சாலை முதலாளிகள், வெள்ளைக்காரனின் உற்பத்தி வரியைக் காரணம் காட்டி, கூலியில் 11.5 சதவீதம் வெட்டினார்கள். சுமார் ஒன்றரை லட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். வாரக்கணக்கில் ஆலைகள் நின்றன. மான்செஸ்டர் பேச்சை முப்பது ஆண்டு கேட்ட சர்க்கார் டிசம்பரில் அந்த வரியை நிறுத்தியது. வெட்டிய கூலியும் திரும்பி வந்தது! வரி இறங்கிய அன்றே கூலி மீண்டதற்குக் காரணம் சந்தையின் கருணை அல்ல, சங்கத்தின் பலம். தொழிலாளி களத்தில் நின்றதால்தான் வரிக்கும் கூலிக்கும் முடிச்சு விழுந்தது.

பம்பாய் தூரம் என்றால் நம் ஊரையே பாருங்கள். 2021 ஜனவரியில் இந்த ஜில்லாவில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிலாளிப் பெண் கொலையுண்டார். பெண்கள் தலைமை தாங்கும் தொழிற்சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் உடன்படிக்கை உண்டாயிற்று. ஏற்றுமதிக் கம்பெனியும், எச் அண்ட் எம் என்ற உலகத் துணிக் கம்பெனியும் அதில் கையெழுத்திட்டன. பெண் தொழிலாளருக்கு எதிரான கொடுமையைத் தடுக்கும் ஷரத்துகளை மீறினால் வியாபாரமே பாதிக்கப்படும் என்பது அதன் சாரம். உலகச் சந்தையைக் கட்டுப்படுத்தவே முடியாது என்கிறார்களே, நம் திண்டுக்கல் பெண்கள் கட்டுப்படுத்திக் காட்டினார்களே!

நாம் கேட்பது

பஞ்சு வரியைச் சர்க்கார் நீக்கட்டும், குறைக்கட்டும். ஆனால் இந்தியப் பருத்திக் கழகம் முதலில் விவசாயியின் பருத்தியை ஆதார விலைக்கு வாங்கட்டும். சலுகை பெறும் ஒவ்வோர் ஆலையும், பெற்றது எவ்வளவு, கூலிக்குப் போனது எவ்வளவு என்று ஆலை வாசலில் எழுதி ஒட்டட்டும். சலுகைக் காலத்தில் ஆட்குறைப்பு செய்தால் பெற்ற பணத்தைத் திருப்பிக் கட்டட்டும். அப்ரண்டிஸ் என்றும் கேம்ப் கூலி என்றும் பெயர் சூட்டிக் குறைந்தபட்சக் கூலியைத் தின்னும் ஆலைக்கு ஒரு பைசா சலுகையும் கூடாது. கைத்தறி நூலுக்கும் கைத்தறித் துணிக்கும் ஜிஎஸ்டி வேண்டாம். சின்ன வெங்காயத்தைச் சர்க்கார் வாங்கட்டும். செல்வ வரி திரும்பி வரட்டும்.

இவை கேட்டவுடன் கிடைக்கும் வரங்கள் அல்ல. மில் வாசலில் கேட்பது ஒரு குரலாகவும், வயல் வரப்பில் கேட்பது வேறொரு குரலாகவும் இருக்கும்வரை கிடைக்கவே கிடைக்காது. அடுத்த பட்ஜெட்டிலும் ஏதாவது ஒரு வரி இறங்கும். சுபிட்சம் வந்துவிட்டது என்று தமுக்கு அடிப்பார்கள். அப்போது நாகல் நகர் தறிக்காரரும், வேடசந்தூர் மில் தொழிலாளியும், வெங்காயக் காட்டுக் கூலிக்காரரும் சேர்ந்து ஒரே ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்:

வரி இறங்கியது சரி. எங்கள் கூலி எவ்வளவு ஏறியது?